ரீயூனியன் டைரி: வெனிலாவும் கரும்பும் ஒரு செக்கிங்காரனும்

திங்கள், சாந்த் அந்த்ரே

மொரீஷியஸ்ல ஃப்ளைட் மாறி முக்கால் மணி நேரத்துல ரீயூனியன் வந்து சேர்ந்தாச்சுங்க. இந்தியப் பெருங்கடல் நடுவுல ஒரு எரிமலைத் தீவு, ஆனா சட்டப்படி பிரான்ஸ், காசு யூரோ, போலீஸ் பிரெஞ்சு போலீஸ், நேரம் மட்டும் நம்ம ஊருக்கு ஒன்றரை மணி பின்னாடி. கூட்டிட்டுப் போக வந்தவன் காரைக்கால் நண்பன், குடும்பத்தோட இங்கயே செட்டில் ஆயிட்டான். தீபாவளிக்கு வாடா வாடான்னு வருஷா வருஷம் கூப்பிடுவான், இந்தத் தடவை லீவு கெடச்சுது, கெளம்பிட்டேன்.

கிழக்குக் கடற்கரைல இருக்கற சாந்த் அந்த்ரேல தெருவுக்குத் தெரு கோயில், வீட்டு வாசல்ல மஞ்சப் பூ, கடை போர்டுல நம்மாளுங்க பேரு பிரெஞ்சு ஸ்பெல்லிங்ல. இவங்கள இங்க மலபார்னு சொல்றாங்க, ஆனா பெரும்பாலும் தமிழ்நாடு, பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கத்துலேருந்து வந்தவங்க. 1848ல இங்க அடிமை முறை ஒழிஞ்சதும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணுமேன்னு ஒப்பந்தக் கூலியா கூட்டியாந்தாங்க, 1860ல பிரிட்டிஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அதுக்குன்னே உடன்படிக்கை போட்டாங்க, 1882ல ஆள் அனுப்பறத நிறுத்திட்டாங்க. பேசறது க்ரியோல், பிரெஞ்சுலேருந்து பொறந்த தீவு மொழி. தமிழ்ல கேட்டா பெருசுங்க சிரிச்சுட்டு ஒரு பாட்டு பாடிக் காட்டுவாங்க, அவ்ளோதான். ஆனா ஸ்கூல்லயும் சங்கத்துலயும் தமிழ் படிக்கறவங்க இருக்காங்க, அவங்க பேசற தமிழ் செய்தி வாசிக்கற மாதிரி சுத்தமா இருக்கும். ஏழு மணிக்கே ஊர் அடங்கிருச்சு, தூங்கப் போறேன்.

செவ்வாய், வெனிலாத் தோட்டம்

காலைல அஞ்சரைக்கே நண்பனோட வீட்டம்மா எழுப்பி விட்டுட்டாங்க. "அண்ணே, பூ மத்தியானம் வரைக்கும் காத்திருக்காதுண்ணே, கெளம்புங்க." அவங்க பெரியம்மான்னு கூப்பிடற ஒருத்தங்க பக்கத்து ஊர்ல வெனிலா போட்டிருக்காங்க. சொந்தப் பெரியம்மா இல்ல, இங்க வந்த புதுசுல பார்த்துக்கிட்டவங்க, அந்த உறவு. அறுபது வயசு தாண்டியிருக்கும், தலையில தொப்பி, காலுல ரப்பர் பூட்ஸ், நெத்தில குங்குமம்.

தோட்டம்னா நம்ம ஊர் மாதிரி வரப்பு போட்ட தோட்டம் இல்ல. மரத்தடி நிழல்ல, தாழை இனத்துச் செடி ஒண்ணு, அதுல வெனிலாக் கொடி ஏறியிருக்கு. கொடிய மேல போக விடாம கைக்கு எட்டற உயரத்துல மடிச்சு மடிச்சு தொங்க விட்டிருக்காங்க. 2003 வாக்குல விலை எகிறினப்போ பொள்ளாச்சிப் பக்கம் இப்படிக் கொடி போட்டவங்க எனக்குத் தெரிஞ்சு நெறைய பேரு, விலை விழுந்ததும் பிடுங்கிப் போட்டுட்டாங்க, அதனால கொடி எனக்குப் புதுசில்ல, பூவத்தான் இப்போ பாக்கறேன்.

வெளிறின பச்ச மஞ்சள்ல இருக்கு. ஒரு பூ ஒரு காலைதான் விரியும், வெயில் ஏறினா வாடிரும். இதோட சொந்த ஊரு மெக்சிகோ, அங்க இதுக்குன்னு தேனீ இருக்கு, இங்க இல்ல. அதனால ஒவ்வொரு பூவையும் ஆளு தொட்டாத்தான் காய். பெரியம்மா கையில ஒரு எலுமிச்ச முள்ளு. இடது கையால பூவப் பிடிச்சு, முள்ளால உதட்ட லேசா கிழிச்சு, உள்ள மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவுல ஒரு மெல்லிசான மடல் தடுப்பு மாதிரி நிக்குது, அத முள்ளு நுனியால தூக்கி விட்டுட்டு, கட்டை விரலால ஒரு அழுத்து. முடிஞ்சுது. மூணு நாலு செகண்டு. இங்க இதக் கல்யாணம் பண்ணி வைக்கறதுன்னுதான் சொல்றாங்க. கை பழகினவங்க ஒரு காலைல ஆயிரம் பூவுக்கு மேல முடிச்சுருவாங்களாம்.

நான் கை வேகத்தையே வெறிச்சுப் பார்த்துட்டு நின்னேன், கொஞ்ச நேரம் கழிச்சுதான் கவனிச்சேன், அவங்க நெறைய பூவத் தொடவே இல்ல. ஒரு கொத்துல பதினஞ்சு இருபது மொட்டு வருது, தினம் ஒண்ணு ரெண்டு விரியும், அதுல மொத்தமா எட்டோ பத்தோதான் காய் விட விடுவாங்க. வீட்டம்மா வழியா ஏன்னு கேட்டேன். மெலிஞ்ச கொடின்னா இன்னும் கம்மியா, போன வருஷம் நெறைய காய்ச்ச கொடிக்கு இந்த வருஷம் ஓய்வு, கொத்துக்கு அடிப்பக்கம் இருக்கற பூவா எடுத்தா காய் நேரா தொங்கும், மேல் பக்கத்துப் பூவுன்னா காய் வளைஞ்சு விலை போகாது. அத்தனை கணக்கும் ஒரு பார்வைல. விரல் பண்றது கடைசி வேலை, முடிவெல்லாம் அதுக்கு முன்னாடியே கண்ணுல நடந்துருது.

பேத்தி ஒருத்தி, பதினோரு வயசு இருக்கும், ஸ்கூல் லீவுன்னு கூடவே வந்திருந்தா. அவ கையிலயும் ஒரு முள்ளு. ஆனா பெரியம்மா வேணாம்னு விட்ட மேல் பக்கத்துப் பூவுங்கதான் அவளுக்கு. அதுல தப்பாக் கிழிச்சாலும் நஷ்டம் இல்ல, சரியா வந்தா அந்தப் பிஞ்ச பின்னாடி கிள்ளிப் போட்டுருவாங்களாம். ரெண்டு நாள் கழிச்சு வந்து அவளே பாக்கணும், கருத்தரிக்காத பூ உதிர்ந்துரும், பிடிச்ச பூ வாடினாலும் காம்புல ஒட்டிட்டு நிக்கும். எது நின்னுது எது விழுந்துச்சுன்னு பாட்டிகிட்ட போய்ச் சொல்லணும், அவங்க ஏன்னு கேப்பாங்க.

இதுக்கு மெஷின் வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். நான் எதிர்பார்த்தது வேற. "வரட்டுமே, முதல்ல நான்தான் வாங்குவேன், என் முதுகப் பத்தி உனக்கென்ன தெரியும்"னு சிரிச்சாங்க.

புதன், ப்ரா பனோன்

மழை தூறல். வெனிலா கூட்டுறவு சங்கத்துக்குப் போனோம், சுத்திக் காட்டறாங்க. பச்சைக் காய்ல வாசனையே இல்ல, நம்ம பீன்ஸ் மாதிரிதான். கொடில ஒம்பது மாசம் இருந்து, பறிச்சு, 65 டிகிரி பக்கம் சூடான தண்ணில மூணு நிமிஷம் முக்கி எடுத்து, கம்பளில சுத்தி வேர்க்க வச்சு, வெயில்ல கொஞ்ச நாள், நிழல்ல ரெண்டு மூணு மாசம், அப்புறம் மரப்பெட்டில பல மாசம். அஞ்சாறு கிலோ காய் போனா ஒரு கிலோ வெனிலா வரும். திருட்டு பயத்துல கொடில இருக்கும்போதே காய்ல ஊசியால குத்தி அடையாளம் போடற விவசாயிங்களும் உண்டு, அந்தத் தழும்பு கடைசி வரைக்கும் அழியாது.

தண்ணி சூட்டுக்கு தெர்மாமீட்டர் இருக்கு, நேரத்துக்கு டைமர் இருக்கு, அதுல யாரும் கை வித்தை காட்டல. அங்க ஒரு அம்மா மேசைல உக்காந்து காய விரலுக்கு நடுவுல உருட்டி, வளைச்சு, மூக்குகிட்ட கொண்டு போய் வகை பிரிச்சுட்டு இருந்தாங்க, நான் அங்கயே நின்னுட்டேன். நீளம் அளக்கறது ஸ்கேல்தான். ஆனா இது இன்னும் காயணுமா, இது பெட்டிக்குள்ள போனா பூஞ்சை பிடிச்சு பக்கத்துல இருக்கறதையும் கெடுக்குமா, அது விரல்ல. நண்பன் போலாம் போலாம்னு இழுக்கறான்.

ஏன் நின்னேன்னு சொல்லணும்னா என் பொழப்பச் சொல்லணும். திருப்பூர்ல துணி செக்கிங் பிரிவு எனக்கு. ரோல் மெஷின்ல ஓடும், பின்னாடி லைட்டு, நாம நின்னு ஓட்டை, ஊசிக் கோடு, எண்ணெய்க் கறை, எல்லாத்துக்கும் பாயிண்ட் போடுவோம். நாலு பாயிண்ட் முறைன்னு உலகம் பூரா ஒரே கணக்கு, மூணு இஞ்ச் வரைக்கும் ஒரு பாயிண்ட், ஒம்பது இஞ்சுக்கு மேல நாலு, அப்படி. இப்போ கேமரா வந்திருச்சு. அது பாயிண்ட் போடறதுல என்ன விட சுத்தம், சத்தியமா சொல்றேன், ராத்திரி ஷிஃப்ட் மூணு மணிக்கு அது கொட்டாவி விடாது. ஆனா ஒட்டின பஞ்சையும் கறைன்னு கொடுக்கும், இந்த ஓட்டை கட்டிங்ல கழுத்து வெட்டற எடத்துல விழுந்து போயிரும்னு அதுக்குத் தெரியாது, இந்த பையர் கறைய மன்னிப்பான் ஷேடு மாறினா மன்னிக்க மாட்டான்னும் தெரியாது. அதனால அது பொறுக்கிக் கொடுக்கும், நாங்க முடிவு சொல்லுவோம். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் எனக்கு உறுத்திட்டே இருக்கு, என்னன்னு புதன்கிழமை வரைக்கும் சரியாப் பிடிபடல.

திரும்பி வர்ற வழில சாந்த் சுசான். எட்மோன் அல்பியூஸ் பொறந்த ஊரு. 1829ல அடிமையாப் பொறந்தவரு, 1841ல 12 வயசுல அந்த முள்ளு வித்தையக் கண்டுபிடிச்சாரு. கொடி தீவுக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் காய்க்காம சும்மா நின்னுட்டு இருந்துச்சு. 1836லயே பெல்ஜியத்துல ஷார்ல் மோரன்ங்கற தாவரவியல்காரரு செயற்கையா காய்க்க வச்சிருந்தாரு, ஆனா தோட்டத்துல பூப்பூவா செய்யற மாதிரி சுலபமான வழி அது இல்ல. இந்தப் பையன் கண்டுபிடிச்சதுதான் உலகம் பூரா இன்னைக்கும் நடக்குது. சில பெரிய மனுசங்க அது எங்க ஐடியான்னு கிளம்பினாங்க, அவரோட எஜமான் பெல்லியே போமோன்தான் இல்ல இவன்தான்னு எழுதி வச்சாரு. 1848ல விடுதலை, கூடவே அல்பியூஸ்ங்கற குடும்பப் பேரு. தீவு அதுல கொழுத்துச்சு, அவரு ஜெயிலுக்கும் போயிட்டு 1880ல ஒண்ணுமில்லாம செத்தாரு. கண்டுபிடிச்சவனுக்குக் கூலி போய்ச் சேராதது இன்னைக்கு நேத்து கதை இல்ல.

நம்ம ஐஸ்க்ரீம்ல வர்ற வெனிலா பெரும்பாலும் இந்தக் காயே கிடையாது, ஃபேக்டரி வெனிலின். 1874லயே ஜெர்மன்காரங்க பைன் மரத்துச் சாறுலேருந்து செஞ்சுட்டாங்க. அதாவது இந்தத் தொழிலுக்கு மெஷின் போட்டி வந்து 150 வருஷம் ஆச்சு, இன்னும் பெரியம்மா முள்ளோட நிக்கறாங்க.

வியாழன், புவா ரூஜ்

சர்க்கரை ஆலை. ஒரு காலத்துல தீவுல நூத்துக்கும் மேல ஆலை ஓடுச்சு, இப்போ ரெண்டே ரெண்டு, தெற்குல ஒண்ணு, இங்க ஒண்ணு. ஜூலைலேருந்து டிசம்பர் வரைக்கும் அரவை, அதனால ரோடு பூரா கரும்பு டிராக்டர், காருக்கு முன்னாடி ஒண்ணு மாட்டினா பொறுமையா பின்னாடியே போக வேண்டியதுதான். சமவெளில மெஷின் அறுக்குது, சரிவுலயும் கல்லுக்காட்டுலயும் இன்னும் கத்திதான். லாரில வர்ற கரும்ப ஒரு குழாய் குத்தி சாம்பிள் எடுக்குது, சர்க்கரைச் சத்து எவ்ளோன்னு பார்த்து அதுக்கேத்த மாதிரிதான் விவசாயிக்குக் காசு. சக்கைய எரிச்சு கரண்டு, பக்கத்துலயே பவர் ஸ்டேஷன், 1992லேருந்து.

உள்ள வெல்லம் காய்ச்சற வாசனை, காதடைக்கற சத்தம், ஆனா ஆளையே காணோம். எல்லாரும் கண்ணாடி ரூமுக்குள்ள திரை முன்னாடி. கூட வந்தவரு நண்பனோட பக்கத்து வீட்டுக்காரரு, வேற ஒரு ஆலைல பான்மேனா, அதாவது பான்ங்கற பெரிய கலன்ல பாகு காய்ச்சறவரா இருந்து ரிட்டயர் ஆனவரு. மலபார், சங்கத்துல தமிழ் படிச்சவரு. "நான் சர்க்கரை ஆலையில் முப்பது ஆண்டுகள் பணி புரிந்தேன், ஐயா" அப்படின்னுதான் பேசுவாரு, என் பேச்சு அவருக்குப் பாதிதான் புரியுது, தப்பு என் பேர்லதான்.

பான்ல பாகு சுண்டும்போது சர்க்கரை மணி பிடிக்கற நேரம் இருக்கே, அதுதான் சூட்சுமம். சாம்பிள் எடுத்து கண்ணாடித் துண்டுல தேய்ச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பாங்க. மணி ஒரே அளவா இருக்கணும், நடுவுல பொடிப்பொடியா புது மணி முளைச்சுதுன்னா தண்ணியோ ஆவியோ விட்டு அதக் கரைக்கணும், இல்லன்னா பின்னாடி பிரிக்கற மெஷின்ல அடைச்சுக்கும். இப்போ சென்சார் பாகோட அடர்த்தியப் பார்த்து தானே வால்வத் திறக்குது. அவரு காலத்துல கடைசி பத்து வருஷம் அப்படித்தானாம். நல்லதா கெட்டதான்னு கேட்டேன். "பத்தில் ஒன்பது முறை எந்திரம் என்னை விட நன்றாகச் செய்தது. பத்தாவது முறை கரும்பு நனைந்து வரும், சாறு மாறியிருக்கும், அப்போது என்னை அழைப்பார்கள்." கொஞ்சம் நிறுத்திட்டு, "அந்த ஒன்பது முறையும் நானே செய்ததால்தான் ஐயா பத்தாவது முறை எனக்குத் தெரிந்தது."

எனக்கு உறுத்தினது அதேதான்! நான் செக்கிங் கத்துக்கிட்டது ஓட்டையப் பார்த்து இல்ல, ஓட்டையே இல்லாத துணிய கிலோமீட்டர் கணக்குல பார்த்து. அந்த சலிப்புலதான் கண்ணு பழகுச்சு. இப்போ வேலைக்கு வர்ற புள்ளைங்களுக்கு கேமரா சந்தேகப்பட்ட துண்டு மட்டும்தான் வருது, நல்ல துணி எப்படி ஓடும்னே அதுங்க பாக்கறதில்ல. நான் ரிட்டயர் ஆனா கேமராவுக்கு மேல முடிவு சொல்ல யாரு இருப்பா? ஆள் குறைச்சா லாபம்னு கணக்குப் போடறவங்க இந்தச் செலவ எந்த ஏட்டுலயும் எழுதறதில்ல.

வெள்ளி, மழை

வெளிய போக முடியல. சாயங்காலம் கோயில். குருக்கள் கும்பகோணம் பக்கம். பஞ்சாங்கம் எப்படிங்க சாமி பாக்கறீங்கன்னு கேட்டேன், ஊர்ல அச்சடிச்சது இங்க அப்படியே பொருந்தாது, நேரமும் சூரிய உதயமும் வேறல்ல. ஆப் இருக்குப்பா, இந்த ஊருக்கே கணக்குப் போட்டுக் குடுத்துருதுன்னாரு. அப்புறம் எதுக்கு கமிட்டி மீட்டிங்னு கேட்டா, "திதி ஆப் சொல்லும், சனிக்கிழமை வச்சாத்தான் ஜனம் வரும்னு ஆப் சொல்லுமா?" புளியோதரை நல்லா இருந்துச்சு.

சனி, எரிமலை

பிளேன் தே காஃப்ர் மேட்டு நிலம், குளிரு ஸ்வெட்டர் கேக்குது, மாடு மேயுது, ஊட்டில பாதி. பிதோன் த லா ஃபுர்னேஸ், உலகத்துல அடிக்கடி வெடிக்கற எரிமலைல ஒண்ணு. 1977 ஏப்ரல்ல வழக்கமான எல்லைய விட்டு வெளிய வந்து சாந்த் ரோஸ் பக்கம் ஊருக்குள்ள பாஞ்சுச்சு, அங்க ஒரு சர்ச்ச சுத்தி ரெண்டாப் பிரிஞ்சு போன லாவா இன்னும் கறுப்பா கெடக்கு. அதுக்கப்புறம்தான் 1979ல புர்க் முராவுல கண்காணிப்பு மையம் வச்சாங்க. மலை பூரா கருவி, நிலம் அதிர்றது, வீங்கறது, வாயு வர்றது எல்லாம் தானா வந்து சேருது. நிலநடுக்கம் கொத்தா வர ஆரம்பிச்சா சில நேரம் சில மணி நேரத்துல வெடிக்கும், சில நேரம் உள்ளயே குழம்பு நகர்ந்துட்டு அப்படியே அடங்கிரும். ரெண்டும் ஆரம்பத்துல ஒரே மாதிரிதான் இருக்கும். மையத்துல இருக்கறவங்க படிச்சுச் சொல்லுவாங்க, மேல இருக்கற பள்ளத்தாக்க மூடறதா வேணாமான்னு மாவட்ட கலெக்டர் மாதிரி இங்க இருக்கற ப்ரெஃபெக்ட் கையெழுத்துப் போடணும். மூடி வெடிக்கலன்னா டூரிஸ்டுக்காரன் திட்டுவான், மூடாம வெடிச்சா, அத நெனைக்கவே வேணாம். கருவி எத்தனை வந்தாலும் அந்தக் கையெழுத்துக்கு ஒரு பேரு இருக்கு, திட்டு வாங்க ஒரு ஆளு இருக்கு.

மேல பா த பெல்கோம்ப் போனோம், மேகம் மூடி ஒண்ணும் தெரியல. திரும்பிட்டோம்.

ஞாயிறு, ஏழு கறி

தீபாவளிச் சாப்பாடு. வாழை இலைல ஏழு வகை கறி போடறது இங்க மலபார் வீட்டு வழக்கம், எல்லாம் சைவம், கையாலதான் சாப்பிடறாங்க. பிரெஞ்சுக்கார விருந்தாளிக்கும் ஸ்பூன் கிடையாது. பெரியம்மா காலை வேலைய முடிச்சுட்டு பேத்தியோட வந்தாங்க, பான்மேன் ஐயாவும் இருந்தாரு. நான் வாயத் தொறந்து என் கவலையக் கொட்டினேன், வீட்டம்மா க்ரியோல்ல மாத்திச் சொன்னாங்க.

ஐயாவுக்கு கைவேலைப் பாசமெல்லாம் கிடையாது. அவரோட அப்பா கரும்பு வெட்டினவரு, கத்தி பட்ட தழும்பு கால் பூரா இருக்குமாம், அறுவடை மெஷின் வந்தப்போ எங்க வீட்டுல யாரும் அழலைன்னு சொன்னாரு. ஆனா பையன்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தீங்கன்னு கேட்டதுக்குத்தான் கண்ணு மின்னுச்சு. சென்சார் வந்தப்புறம் சேர்ந்த பையன்களுக்கு, திரைல அடர்த்தி காட்டற எடத்து மேல செய்தித்தாளக் கிழிச்சு ஒட்டி வச்சிருவாராம். மெஷின் பாட்டுக்கு ஓடும், அத நிறுத்தறதில்ல. பையன் பான் பக்கம் போய் சாம்பிள் எடுத்து, கண்ணாடில தேய்ச்சுப் பார்த்து, இப்போ என்ன நெலமைன்னு துண்டுச் சீட்டுல எழுதணும். எழுதினப்புறம்தான் பேப்பரத் தூக்கலாம். தப்பா இருந்தா ஏன்னு அவனே சொல்லணும். மேலதிகாரிக்குத் தெரியுமான்னு கேட்டேன். "தெரிந்தது. செய்தித்தாளை எடு என்றார். நான் வேறு செய்தித்தாள் ஒட்டினேன்."

பெரியம்மாவுக்கு இதுல ஆச்சரியமே இல்ல, வேணாத பூவப் பிள்ளைக்குக் குடுக்காம எப்படிக் கத்துக் குடுப்பீங்கன்னு திருப்பிக் கேட்டாங்க.

சாப்பிட்டுக் கை கழுவினதுமே எங்க ப்ரொடக்ஷன் மேனேஜருக்கு வாட்ஸப்புல போட்டேன்: புதுசா வந்த ரெண்டு பேருக்கும் தினம் ஒரு மணி நேரம், கேமரா பாஸ் பண்ணின ரோல திரும்ப டேபிள்ல ஓட்டி அவங்க கண்ணால பாயிண்ட் போடட்டும், அப்புறம் ரிப்போர்ட்ட வச்சு ஒப்பிட்டுக்கலாம். ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம உடனே பதில் வந்துச்சு. "பாஸ் ஆன ரோல எதுக்கு திரும்ப ஓட்டணும், அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரு கணக்கு சொல்றது?" ஐயாகிட்ட படிச்சுக் காட்டினேன். இலைய மடிச்சுட்டே, உங்கள் ஊரில் செய்தித்தாள் என்ன விலைன்னு கேட்டாரு.